வாடகைப் போர்ஷனுக்கு மூன்றாவது பூச்சு

பின்னேரம் ஐயப்பன்தாங்கல் டெப்போவில் இருந்து புறப்படும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. படியில் மூன்று பேர் தொங்குவார்கள், நடுவில் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார், ஆனாலும் என் பக்கத்தில் வந்து உட்கார ஆள் இல்லை. காரணம் வெள்ளை. தலைமயிர், இமை, காது மடல், சட்டைப் பொத்தானின் துளை, எங்கும் பட்டித் தூள். சுவருக்கும் சீலிங்குக்கும் கடைசியாக வழவழப்பு ஏற்றுகிற வெள்ளைச் சீமெந்துக் கலவையை இங்கே பட்டி என்பார்கள். காய்ந்த பிறகு அதை உப்புத்தாளால் தேய்த்தால் பறக்கிற தூள் கோதுமை மாவைவிட மெல்லியது. எட்டு மணி நேரம் அண்ணாந்து நின்று தேய்த்தவன் மேல் அது குடியேறிவிடும். தோலின் வெள்ளைக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற ஊர், இந்த வெள்ளையைக் கண்டால் மட்டும் தள்ளி நிற்கிறது. "யோவ், இன்னாயா மாவு மில்லுலேர்ந்து வரியா? ஓரமா குந்து, லேடீஸ் பொடவ மேல பட்டுடப் போவுது" என்று கண்டக்டர் சொல்வார். நான் பதில் சொல்வதில்லை. வாயைத் திறந்தால் இன்னொன்றும் கொட்டும். அது என் பேச்சு. அதற்கப்புறம் முன் இருக்கையும் காலியாகும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும், வாசலில் பனி வழித்துப் போட்டுவிட்டு வந்து வாசிக்கிற கனடாக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் பாஷை வேறு. அங்கே நம்மவரை அவர்களுக்கு விளங்கவில்லை என்றால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. எனக்கு அந்த நியாயமும் கிடையாது. இங்கே என்னைத் தள்ளி வைக்கிறவரும் தமிழ், தள்ளி வைக்கச் சொல்கிற வாயும் தமிழ். "மலையாளமா நீங்க?" என்பதுதான் முப்பது வருஷமாக நான் அதிகம் கேட்ட கேள்வி. சில நாள் ஓமென்று தலையாட்டிவிட்டால் என்ன என்று தோன்றும். மலையாளிக்கு இந்த ஊரில் வீடு கிடைக்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம் நான் பிறந்த வீட்டுக்கு சீலிங் இல்லை. அண்ணாந்தால் ஓடு, ஓட்டின் கீழே மரம், இடுக்கில் ஊசி ஊசியாக வெயில். சுவருக்கு மட்டும்தான் பூச்சு. சண்டைக் காலத்தில் அந்தப் பூச்சை வைத்து நாங்கள் தூரம் கணித்தோம். பீரங்கி செல் விழுந்து சாப்பாட்டுத் தட்டில் மண் உதிர்ந்தால் அது அடுத்த ஊர். உள்ளங்கை அகலத்துக்குப் பத்தை கழன்று விழுந்தால் அடுத்த ஒழுங்கை, இங்கே சந்து என்பார்கள். கல் தெரிய முழுப் பூச்சும் இறங்கினால் கணக்குப் பார்க்க நேரம் இல்லை, பங்கருக்குள் ஓட வேண்டும். ஆகவே சுவரைப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலேயே வந்த பழக்கம், ஆசையால் வந்தது அல்ல. பதினாறு வயதில் வள்ளத்தில் வந்து இறங்கி, அகதி முகாமில் பெயர் பதிந்து, அங்கே ஆண்களுக்குப் பெரும்பாலும் கிடைத்த வேலையான பெயிண்ட் அடிப்பதில் சேர்ந்து, பெயிண்டில் இருந்து பட்டிக்கு ஏறி, வெளியே குடியிருக்க அனுமதி வாங்கி, இந்த மேற்குப் புறநகரத்தில் வந்து ஒட்டினேன். ஒட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வேர் பிடித்தேன் என்று சொன்னால் இந்த மண் சிரிக்கும்.

இங்கே கட்டட வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரும் எழுதி வைத்ததில்லை, வாய்விட்டுப் பேசியதும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர் இருக்கப் போகிற மாடிக்கு இரண்டு கோட் பட்டி. வாடகைக்கு விடப் போகிற போர்ஷனுக்கு ஒரு கோட். வாடகைப் போர்ஷனின் சீலிங்குக்கு அதுவும் கிடையாது, சிமெண்ட் பூச்சின் மேலேயே வெள்ளை அடித்து மூடிவிடுவது. மேஸ்திரி வாசலில் நின்று, "இது ஓனரு, அது டெனன்ட்டு" என்று விரலை நீட்டுவார். அந்த விரல் போகிற திசையில் என் கையின் மனசு மாறும். ஓனர் பக்கம் மூச்சைப் பிடித்து இழுப்பேன். டெனன்ட் பக்கம் பீடி வாயோடு இழுப்பேன். அம்பத்தூரில், ஆவடியில், பாடி மேம்பாலத்தின் நிழலில், எத்தனை குடும்பங்களின் தலைக்கு மேல் அரைகுறையாக விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன். மல்லாந்து படுத்தால் அவர்கள் பார்க்கிற மேடும் பள்ளமும் என் கை. அதற்காக ஒருநாளும் நான் வெட்கப்பட்டதில்லை. நானும் அப்படியொரு சீலிங்கின் கீழேதான் படுத்திருந்தேன். அது எவனோ ஒருவனின் கை.

வேலப்பன்சாவடியில் நாங்கள் இருந்த வீட்டை இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். வீட்டுக்காரரின் மகனுக்குக் கலியாணமாம். மனைவி வதனியும் நானும் ஞாயிறு தோறும் டு-லெட் பலகைகளின் பின்னால் அலைந்தோம். பலகையைக் கண்டு கேட்டைத் தட்டுவோம். வதனி என் கையைக் கிள்ளுவாள், பேசாதே என்பதற்கு. ஆனால் இரண்டு பேரில் யாராவது பேசித்தானே ஆக வேண்டும். "சிலோனா நீங்க? அவர் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் கேட்டுச் சொல்றேன்." அவர் எந்த ஆபீசில் இருந்தும் வரவில்லை. ஒரு வீட்டில், "ஸ்டேஷன்லேர்ந்து அடிக்கடி ஆள் வருமா?" என்றார்கள். அகதிப் பதிவுக்குக் கையெழுத்துப் போட நான்தான் அங்கே போவேன், அவர்கள் வரமாட்டார்கள் என்று விளக்கினேன். விளக்கம் முடிய முன்பு கேட் மூடிற்று. ஒரு நகரத்தின் சுவர்களை முப்பது வருஷம் வழித்து மழித்துக் கொடுத்தவனுக்கு, அந்தச் சுவர்களில் நாலைச் சேர்த்து ஒரு அறையாகத் தர ஒருவரும் இல்லை.

அந்த நேரத்தில்தான் டெப்போவின் பின்தெருவில் சுசீலா அம்மாவின் வீட்டு வேலை வந்தது. அவருடைய கணவர் ஆவடித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்து முப்பது வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள். மாடி அவர்களுக்கு. கீழே முன்பக்கம் கார் நிறுத்த, பின்பக்கம் வாடகைக்கு ஒரு படுக்கையறைப் போர்ஷன். அம்மா தினமும் வந்து படியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். "முப்பது வருஷமா கவர்மெண்ட் மஞ்சள் சுவத்தையே பாத்து கண்ணு காஞ்சு போச்சு தம்பி. கலர்கூட நம்ம இஷ்டம் கிடையாதுல்லா?" என்பார். நல்ல மனுஷி. வேலையாட்களுக்குத் தன் கையால் டீ ஊற்றுவார், எனக்கும் மற்றவர்களுக்கும் ஒரே மாதிரி டம்ளர். நான் வீடு தேடுவதை மேஸ்திரி டில்லியின் வாயில் இருந்து அறிந்துகொண்டு ஒருநாள் அவரே சொன்னார். "எவனுக்கோ விடுறதுக்கு உங்களுக்கே தாரேன். சிலோன்காரங்களும் நம்ம ஆளுங்கதானே. வேலையை மட்டும் நல்லபடியா முடிச்சுக் குடுங்க."

அன்றிலிருந்து என் கை எனக்குச் சொல்லாமலே மாறிவிட்டது. மாடியில் பேசினபடி இரண்டு கோட் முடித்தேன். ஐந்து மணிக்கு மற்றவர்கள் கை கால் கழுவிப் போன பிறகு கீழே இறங்கி, பின் போர்ஷனில் இருட்டும் வரை நின்றேன். முதல் கோட்டைக் குறுக்காக இழுத்தேன், இரண்டாவதை நெடுக்காக. பல்பு ஒன்றை வயரில் தொங்கவிட்டுச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் சுவர் பொய் சொல்ல முடியாது, ஒரு மணல் பருக்கை இருந்தாலும் அதன் நிழல் விரல் நீளத்துக்குப் படுக்கும். நிழல் படுத்த இடமெல்லாம் தேய்த்தேன். மூன்றாவது கோட்டுக்கு ஒரு பை நானே வாங்கி வந்தேன். அதை ஜன்னலை நோக்கி இழுத்தேன், வெளிச்சம் வருகிற வழியிலேயே பட்டி இழுக்கிற தகடு போனால் கோடு தெரியாது. சீலிங்குக்கு டிரம் இரண்டின் மேல் பலகை போட்டு நின்று, கழுத்து மரத்துப் போகிற வரைக்கும் இழுத்தேன். நூலில் தொங்குகிற நிலாவைத் துடைக்கிறவன் போல இழுத்தேன். வதனி எந்தப் பக்கம் தலை வைப்பாள், மகள் மல்லாந்து படுத்துப் படிக்கும்போது எந்த இடத்தைப் பார்ப்பாள் என்று இடம் இடமாகத் தெரிந்து இழுத்தேன்.

டில்லி பாடிக்காரன். வேலை நேரம் முடிந்தால் ஒரு நிமிஷம் நிற்கமாட்டான். அன்றைக்கு மறந்துபோன ஹெல்மெட்டை எடுக்க வந்தவன் என்னைப் பார்த்துவிட்டான்.

"இன்னா சிலோனு, டெனன்ட்டு ஊட்டுக்கு இன்னாத்துக்கு இம்மாம் சீனு? எவனோ ஒர்த்தன் வந்து குந்தப் போறான்."

"நான்தான் வரப் போறன்."

"நீயா? அக்ரிமெண்ட்டு போட்டுகினியா?"

"அம்மா சொன்னவ."

"சொன்னாங்களா!" அவன் சிரித்த சிரிப்பு புதுச் சீலிங்கில் மோதித் திரும்பி வந்தது. "அண்ணாத்தே, இந்த ஊர்ல வாய்ப்பேச்சு கலக்கி வெச்ச பட்டி மாரி. ஈரம் கீற வரைக்கும்தான் இழுக்க வரும். போ போ, ஊட்டுக்குப் போய் தூங்கு."

ஞாயிற்றுக்கிழமை வதனியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் செருப்பை வாசலில் கழற்றினாள். இன்னும் ஓடு பதிக்காத சிமெண்ட் தரையில், கோயிலுக்குள் போகிறவள் போல வெறுங்காலோடு நடந்தாள். சுவரைப் புறங்கையால் தடவினாள். "வழுக்குது. பல்லி விழுந்திடும்" என்றாள். அதற்கு மேல் பாராட்டு அவளுக்கு வராது. பிறகு கட்டில் எங்கே, மகளின் மேசை எங்கே, அரிசி வாளி எங்கே என்று விரலால் காற்றில் இடம் குறித்தாள். திரும்பி வருகிற வழியில் மட்டும், "உண்மையாத் தருவினமோ?" என்றாள். தருவினம் என்றேன். அவள் அந்த வாரம் பழைய வீட்டில் சட்டிபானை கட்டத் தொடங்கினாள்.

சுசீலா அம்மா பின் போர்ஷனுக்குள் வந்தது அதற்கு மூன்றாம் நாள், மாலை ஐந்து மணி. பின்பக்க ஜன்னல் மேற்கைப் பார்த்தது. அந்த நேரத்து வெயில் சுவரோடு சுவராக ஊர்ந்து வரும், நான் பல்பு பிடித்துச் செய்கிற சோதனையைச் சூரியன் தானே செய்யும். எந்தச் சுவரும் அந்த வெயிலில் அம்மைத் தழும்புகளைக் காட்டும். இந்தச் சுவர் காட்டவில்லை. அம்மா உள்ளே வந்தார், நின்றார், உள்ளங்கையை வைத்தார், எடுத்துப் பார்த்தார், அண்ணாந்தார். முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது. நான் கண்டேன். பிறகு மாடிக்கு ஏறிப் போனார். ஹாலில் ஒவ்வொரு லைட்டாகப் போடுகிற சத்தம் கேட்டது. டக், டக், டக். வெகு நேரம் கழித்து இறங்கி வந்தார்.

"தம்பி, மேல எத்தனை கோட்டு?"

"ரெண்டு. பேசினபடி அம்மா."

"இங்க?"

"மூண்டு. மூண்டாவது என்ர பை. என்ர நேரத்தில செய்தது. உங்கட பொருள் ஒண்டும் தொடேல்லை."

அவர் கணக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பியிருப்பேன். "அப்போ உங்களுக்கு இப்படிச் செய்யத் தெரியும்" என்றார். குரல் உயரவேயில்லை. "தெரிஞ்சேதான் எனக்கு அப்படி விட்டிருக்கீங்க."

இரண்டு கோட்டுக்கு இரண்டு கோட் வழவழப்புதான் வரும் என்று சொல்லலாம், அது தொழில். ஆனால் அது முழு உண்மை இல்லை. மாடியில் நான் பல்பு பிடிக்கவில்லை. மாடியில் நான் ஜன்னல் எந்தத் திசை என்று பார்க்கவில்லை. அம்மா என் கையைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். வாடகைக்காரனின் தலைக்கு மேல் நான் காலமெல்லாம் செய்துவந்ததை, முதல் தடவையாக ஒரு வீட்டுக்காரியின் தலைக்கு மேல் செய்துவிட்டேன். கூலிக் கணக்குக்காக அன்றைக்கு நின்றுவிட்டு, வாசலில் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த டில்லி எட்டிப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேம்மா, கேக்கல" என்று தன் பங்குக்கு ஒரு கை பூசினான்.

அடுத்த வாரம் அவனேதான் சேதியும் கொண்டுவந்தான். "முடிஞ்சிது அண்ணாத்தே. ஐ.டி. பார்ட்டி, கோயமுத்தூராம். அந்தப் பொண்ணு வந்து அண்ணாந்து சீலிங்கப் பாத்துச்சாம், உடனே ஓகேன்னுச்சாம். உன் பட்டிதான் மாமே உன்ன வெளிய தள்ளிச்சி." அவன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் நொந்தது.

அம்மாவிடம் போனேன். படியிலேயே இருந்தார். "சொன்னீங்களே அம்மா" என்றேன்.

"சொன்னேன். இல்லேங்கல." கொஞ்ச நேரம் தன் விரல் நகத்தைப் பார்த்தார். பிறகு உண்மையாகவே புரியாமல், ஒரு பிள்ளையைக் கேட்கிற மாதிரிக் கேட்டார். "உங்களுக்கு எதுக்கு தம்பி இவ்வளவு நல்ல வீடு?"

இந்த ஊர் என்னை எத்தனையோ விதமாக ஏசியிருக்கிறது. வசவில் இந்த ஊருக்குக் கற்பனை அதிகம். ஆனால் அம்மாவின் கேள்வியில் வசவே இல்லை, அதனால்தான் அது உள்ளே போய் இன்னும் வெளியே வரவில்லை. அகதிக்குக் கூரை வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அந்தக் கூரை வழவழப்பாக இருக்க வேண்டும் என்று அகதி நினைத்தால்தான் உலகத்துக்கு வயிறு எரிகிறது. அம்மாவும் முப்பது வருஷம் பிறத்தியாரின் சுவருக்குள் இருந்தவர்தான். இருந்தவருக்கு விளங்கும் என்று நினைத்தேன். இருந்தவருக்குத்தான் விளங்காது. ஒருவழியாகச் சொந்தச் சுவர் கட்டிக்கொண்டவருக்கு, தன் காலடியில் ஒருவன் தன்னைவிட நல்ல சுவருக்குள் படுத்திருப்பான் என்கிற எண்ணம் தூங்கவிடாது. எனக்கு அவர் மேல் கோபம். அதைவிடப் பெரிய கோபம் என் மணிக்கட்டின் மேல்.

வதனி அழவில்லை. கட்டிய சட்டிபானையை அவிழ்க்கவும் இல்லை. "உங்களுக்கு ஆர் சொன்னது மூண்டு தரம் பூசச் சொல்லி?" என்றாள். "ஒண்டோட விட்டிருந்தா இப்ப உள்ளுக்கை இருந்திருப்பம். எல்லா வாடகை வீட்டுக்கும் செய்யிற மாதிரிச் செய்ய ஏலாதோ உங்களால? எங்கட எண்டவுடனை என்னத்துக்கு உந்தக் கெட்டித்தனம்?" அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பூந்தமல்லி தாண்டி ஒரு சந்தில் கல்நார் ஷீட் போட்ட ஒற்றை அறை கிடைத்தது. சுவரில் பூச்சே இல்லை, செங்கல்லின் மேல் சுண்ணாம்பு. மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க ஏதாவது செய்யலாமே இதுக்கு" என்றாள். நான் ஒன்றும் செய்யவில்லை. இன்றுவரை அந்தச் சுவரில் என் கை பட்டதில்லை, சட்டை மாட்டுவதற்குத் தவிர.

மழைக்கு முன்பு டில்லி மறுபடி கூப்பிட்டான். சுசீலா அம்மாவின் மாடி ஹால் சீலிங்கைச் சுரண்டி மறுபடி செய்ய வேண்டுமாம். வேறு யாரையாவது அனுப்பு என்றேன். "அம்மா உன்னத்தான் கேக்கறாங்க. எனக்கும் வேற கையி இல்ல, வாயேன்" என்றான். போனேன். கோபத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார வசதி வேண்டும்.

"கீழ இருக்கிற மாதிரியே வேணும் தம்பி" என்றார் அம்மா. டம்ளரில் டீ இருந்தது. நான் எடுக்கவில்லை.

"கீழ செய்தது என்ர வீடெண்டு நினைச்சுச் செய்தது அம்மா. கூலிக்கு அந்தக் கை வராது."

"என்ன பேச்சு இது? காசு குடுக்கேன்லா?"

"குடுக்கிறீங்கள். நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

"சிலோனு" என்று டில்லி பல்லைக் கடித்தான். "வாய மூடிகினு மேல ஏறு."

ஏறினேன். இரண்டு நாள் சுரண்டினேன். மூன்றாம் நாள் ஒரு கோட், ஐந்தாம் நாள் இரண்டாவது. அம்மா கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கோயிலில் உட்காருகிற மாதிரி, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு. மூன்றாவதையும் போடச் சொன்னார். ஜன்னல் எந்தத் திசை என்று பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

அந்த மூன்றாவது கோட் பாதி ஹாலைத் தாண்டும்போது கீழே தொடங்கிற்று. கோயமுத்தூர்க் குடும்பம் எதையோ மாட்டுகிறது. கடிகாரமோ, கல்யாணப் படமோ. சுத்தியல் முதலில் தயங்கி இரண்டு தரம், பிறகு பலமாக. இடம் எனக்குத் தெரிந்தது. ஜன்னலுக்கு இடப்புறம், தலை உயரத்துக்கு மேலே, வதனி மகளின் மேசைக்கென்று காற்றில் விரல் வைத்த இடம். ஒவ்வொரு அடியும் சுவரேறி, நான் பூசிய சீலிங்குக்குள் பரவி, இந்தத் தரை வழியாக டிரம்முக்கு வந்து, பலகைக்கு வந்து, என் வெறுங்காலுக்கு வந்தது. என் கால்களின் கீழே என் கூரை. என் தலைக்கு மேலேயும் நான் பூசுகிற கூரை. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அடி அகலப் பலகையில் நான். கீழே மறுபடி அடித்தார்கள். மேலிருந்து ஈரப் பட்டி ஒரு சொட்டு இமையில் விழுந்தது. துடைக்க முடியவில்லை. ஒரு கையில் தகடு, மற்றக் கையில் பட்டிப் பலகை. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சம் வருகிற பக்கமாக இழுத்தேன்.